இரத்தப் புற்றுநோய்க்கு உதவி செய்து பயன் உண்டா?



நமது அறக்கட்டளையின் மருத்துவ உதவிக் குழு சென்ற மாதம் கூடியபோது, நம் மஹல்லாவைச் சேர்ந்த ஓர் இளைஞரின் மனு வாசிக்கப்பட்டது. மருத்துவமனைத் தாளில் நோயின் பெயர் ‘ஏ.எம்.எல்.’ என்று இருந்தது. குழுவில் மூத்தவரான ஹாஜியார் ஒருவர் கேட்டார்: “பிளட் கேன்சர் வந்தால் பிழைக்க மாட்டார்கள் என்று சொல்கிறார்களே. இவ்வளவு தொகையை இதிலே போடுவதற்கு, பத்துப் பிள்ளைகளுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டிவிடலாமே?”

கேள்வியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பைத்துல்மால் பணம் அமானிதம். அது எங்கே போகிறது என்று கேட்பது உறுப்பினரின் கடமை. அன்று முதல் தவணையை மட்டும் அனுமதித்துவிட்டு, நோயைப் பற்றி விவரம் அறிந்து வந்து சொல்லும்படி என்னைப் பணித்தார்கள். மருத்துவர்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை, எல்லாக் குடும்பங்களுக்கும் பயன்படும் என்பதால் இங்கே எழுதுகிறேன். நோயாளி யார் என்பது இதில் இராது. துஆச் செய்வதற்குப் பெயர் தெரிய வேண்டியதில்லை.

பெயரிலேயே குழப்பம்

‘பிளட் கேன்சர்’ என்று நாம் ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். ஆனால் அது ஒரே நோயல்ல. தினமும் மாத்திரை போட்டுக்கொண்டு பல வருடங்களாக வேலைக்குப் போய்வரும் நோயாளிகள் உண்டு. அவர்களுக்கு வந்திருப்பது நாள்பட்ட மைலாய்டு வகை, சி.எம்.எல். குழந்தைகளிடம் அதிகம் காணப்படுவது ஏ.எல்.எல். முறையாகச் சிகிச்சை பெறும் குழந்தைகளில் பெரும்பாலோர் இன்று குணமாகிறார்கள். நாம் பேசும் ஏ.எம்.எல்., அதாவது அக்யூட் மைலாய்டு லுகேமியா, இந்த இரண்டையும் விடக் கடினமானது. ‘அக்யூட்’ என்றால் திடீரென வந்து வேகமாக முற்றுவது. எனவே ‘இன்னாருக்கு வந்தது, மாத்திரையிலேயே சரியாகிவிட்டது’ என்றோ, ‘இன்னார் ஒரே மாதத்தில் மவ்த்தாகிவிட்டார்’ என்றோ கேள்விப்பட்டதை வைத்து இன்னொருவரின் நோயைக் கணிக்க முடியாது.

எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையில்தான் இரத்தம் தயாராகிறது. அங்கே பிஞ்சு அணுக்கள் பிறந்து, முதிர்ந்து, பிறகு இரத்தத்தில் கலக்கின்றன. ஏ.எம்.எல். நோயில் ஒரு பிஞ்சு அணுவின் மரபணுக்களில் கோளாறு ஏற்பட்டு, அது முதிராமலேயே பெருகத் தொடங்குகிறது. இந்த முதிராத அணுக்களை ‘பிளாஸ்ட்’ என்கிறார்கள். மஜ்ஜையில் 100 அணுக்களுக்கு 20 அல்லது அதற்கு மேல் பிளாஸ்ட் இருந்தால் பொதுவாக இந்த நோய் என்று முடிவு செய்கிறார்கள். இவை இடத்தை அடைத்துக்கொள்வதால் நல்ல அணுக்கள் தயாராக வழியில்லாமல் போகிறது. சிவப்பணு குறைந்தால் சோர்வும் மூச்சிரைப்பும் வெளுப்பும் வரும். வெள்ளையணு வேலை செய்யாவிட்டால் காய்ச்சல் விடாது. தட்டணு எனப்படும் பிளேட்லெட் குறைந்தால் ஈறில் இரத்தம் கசியும், அடிபடாமலேயே தோலில் நீலத் திட்டுகளும் சிவப்புப் புள்ளிகளும் தோன்றும்.

நம் பகுதியில் காய்ச்சலோடு பிளேட்லெட் குறைந்தால் உடனே டெங்கு என்று நினைத்து, பப்பாளி இலைச் சாறு கொடுக்கத் தொடங்கிவிடுகிறோம். டெங்குவில் குறைந்த பிளேட்லெட் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்துக்குள் தானே ஏறிவிடும். ஏறாவிட்டால், அல்லது ஹீமோகுளோபினும் சேர்ந்து இறங்கினால், மேலும் காத்திருக்கக் கூடாது. சி.பி.சி. எனப்படும் சாதாரண இரத்தப் பரிசோதனையோடு, இரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்க்கும் ‘ஸ்மியர்’ பரிசோதனையும் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். பல நேரம் சந்தேகம் முதலில் எழுவது இந்த எளிய பரிசோதனையில்தான்.

இது தொற்று நோயல்ல. பெரும்பாலோருக்குப் பரம்பரையாக வருவதுமல்ல. புகைப்பழக்கம், பென்சீன் போன்ற இரசாயனங்கள், முன்பு வேறு நோய்க்கு எடுத்த கீமோ அல்லது கதிர்வீச்சு ஆகியவை அபாயத்தைக் கூட்டும் என்பது தெரிந்ததே. பலருக்குக் காரணம் என்று எதையும் சுட்டிக் காட்ட முடிவதில்லை. இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. தங்கையின் நிக்காஹ் தடைப்படும் என்று அண்ணனின் நோயை மறைக்கும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. மறைப்பதால் உதவிக்கு ஆள் வராமல் போகிறது. கண்ணேறு, ஸிஹ்ரு என்று அலைந்து வாரங்களை இழப்பவர்களும் உண்டு. ஓதிப் பார்ப்பதை யாரும் தடுக்கவில்லை. அதை மருத்துவமனைக் கட்டிலின் அருகே அமர்ந்தும் ஓதலாம்.

நாற்பது வருடம் ஒரே மருந்து

இந்த நோய்க்கு இன்றும் அடிப்படைச் சிகிச்சையாக இருப்பது 1973-ல் வெளிவந்த ஒரு முறை. சைட்டராபின் என்ற மருந்து 7 நாள், டானோரூபிசின் என்ற மருந்து 3 நாள். மருத்துவர்கள் இதை ‘ஏழும் மூன்றும்’ என்றே சொல்கிறார்கள். இவை எங்கிருந்து வந்தன என்று பார்த்தபோது சுப்ஹானல்லாஹ் என்றுதான் சொல்லத் தோன்றியது. முதல் மருந்து, கரீபியக் கடலில் வாழும் ஒரு கடற்பஞ்சில் கண்டெடுத்த பொருளைப் பார்த்து உருவாக்கப்பட்டது. இரண்டாவது, இத்தாலியில் ஒரு பழைய கோட்டையின் அருகே எடுத்த மண்ணில் இருந்த நுண்ணுயிரி சுரந்தது.

இந்த மருந்துகள் கெட்ட அணுக்களை அழிக்கும்போது நல்லவற்றையும் சேர்த்து அழிக்கின்றன. மஜ்ஜை காலியாகி மீண்டும் முளைக்க மூன்று நான்கு வாரம் ஆகும். அதுவரை நோயாளி மருத்துவமனையில் இருக்க வேண்டும். மஜ்ஜையில் பிளாஸ்ட் 5 சதவீதத்துக்குக் கீழ் இறங்கி, இரத்த அளவுகள் மீண்டால் ‘ரெமிஷன்’ என்கிறார்கள். குடும்பத்தார் இதைக் கேட்டதும் நோய் போய்விட்டது என்று ஊருக்குத் திரும்பிவிடுகிறார்கள். அது பெரிய ஆபத்து. கண்ணுக்குத் தெரியாத நோயணுக்கள் உள்ளே மிச்சம் இருக்கும். அடுத்தடுத்த சுற்று கீமோவோ மஜ்ஜை மாற்றோ இல்லாவிட்டால் நோய் பெரும்பாலும் திரும்பிவிடும். முதல் சுற்றுக்கு மட்டும் பணம் புரட்டிவிட்டு இரண்டாவது சுற்றுக்குப் போகாமல் விடுவது, கிணற்றைப் பாதி தோண்டி விட்டுவிடுவது போலத்தான்.

பொதுவாக 60 வயதுக்குட்பட்டவர்களில் 100 பேருக்கு 35 முதல் 40 பேரை இன்று குணப்படுத்த முடிகிறது. அதற்கு மேற்பட்ட வயதில் 5 முதல் 15 பேரைத்தான். இவை வளர்ந்த நாடுகளின் கணக்குகள். ஆனால் இந்தச் சராசரிக்குள் பல நோய்கள் அடங்கியிருக்கின்றன. மரபணுக் கோளாறு எந்த இடத்தில் என்பதைப் பொறுத்துப் பாதிக்கும் மேற்பட்டோர் பிழைக்கும் வகையும் உண்டு, சிலரே பிழைக்கும் வகையும் உண்டு. அதனால்தான் மருத்துவர்கள் மஜ்ஜையை எடுத்துப் பெரிய ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புகிறார்கள். ‘எத்தனை டெஸ்ட்தான் எடுப்பார்கள்’ என்று சலித்துக்கொள்ள வேண்டாம். எந்த வழியில் போக வேண்டும் என்று அதுதான் சொல்லும்.

கொல்லும் வகையே குணமாகும் வகையானது

ஏ.எம்.எல். நோயாளிகளில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு வருவது ஏ.பி.எல். அல்லது எம்3 எனப்படும் வகை. ஒரு காலத்தில் மருத்துவர்கள் மிகவும் அஞ்சியது இதைத்தான். இரத்தம் உறையும் முறையே கெட்டு, மூளையிலோ நுரையீரலிலோ இரத்தம் கசிந்து, நோய் தெரிந்த சில நாட்களிலேயே உயிர் போய்விடும்.

1985-ல் சீனாவின் ஷாங்காய் நகரில் வாங் செனி என்ற மருத்துவர், இந்த நோயால் சாகும் நிலையில் இருந்த 5 வயதுச் சிறுமிக்கு, வைட்டமின் ‘ஏ’யின் உறவான ‘ஆட்ரா’ என்ற மருந்தைக் கொடுத்தார். சிறுமி மீண்டாள். 1988-ல் அவர் குழுவினர் 24 நோயாளிகளின் விவரத்தை வெளியிட்டார்கள். அனைவருக்கும் நோய் அடங்கியிருந்தது. அந்த மருந்து கெட்ட அணுவைக் கொல்வதில்லை, முதிர வைக்கிறது. முதிர்ந்த அணு தன் காலம் முடிந்து தானே மடிகிறது. அதே சீனாவில் ஹார்பின் நகரத்து மருத்துவர்கள், ஆர்சனிக் இந்த நோயில் வேலை செய்வதைக் கண்டார்கள். ஆம், நாம் பாஷாணம் என்று அஞ்சும் அதே ஆர்சனிக்தான். (இதைப் படித்துவிட்டு யாரும் நாட்டு மருந்துக் கடையில் பாஷாண மருந்து தேட வேண்டாம். அளவு சிறிது மாறினாலும் இதயத்தைப் பாதிக்கும். மருத்துவமனையில் இதயத் துடிப்பைக் கண்காணித்தபடிதான் ஏற்றுகிறார்கள்.)

நமக்குப் பெருமை தரும் செய்தி, இந்த முன்னேற்றத்தில் வேலூருக்கும் பங்கு உண்டு என்பது. விலை உயர்ந்த கூட்டு மருந்துகளை வாங்க முடியாத நோயாளிகளைக் கண்ட சி.எம்.சி. மருத்துவர்கள், ஆர்சனிக்கை மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். 2006-ல் அவர்கள் வெளியிட்ட 72 நோயாளிகளின் விவரப்படி, 86 சதவீதம் பேருக்கு நோய் அடங்கியது. பின்னர் 2013-ல் ஐரோப்பாவில் நடந்த பெரிய ஆய்வு, ஆட்ராவும் ஆர்சனிக்கும் சேர்ந்தால், அபாயம் அதிகமில்லாத நோயாளிகளிடம், வழக்கமான கீமோ இல்லாமலேயே அதைவிட நல்ல பலன் கிடைக்கிறது என்று உறுதி செய்தது. இன்று ஏ.பி.எல். நோயில் முதல் சில வாரங்களைக் கடந்தவர்களில் 10-ல் 9 பேருக்கு மேல் குணமாகிறார்கள். இழப்பு நேர்வது பெரும்பாலும் முதல் நாட்களில், சிகிச்சை தொடங்கத் தாமதமானதால். சந்தேகம் எழுந்த அன்றே ஆட்ரா மாத்திரையைத் தொடங்குங்கள், முடிவு பிறகு வரட்டும் என்பதே மருத்துவ விதி.

புதிய மருந்துகள்

மற்ற வகைகளில் மாற்றம் மெதுவாகத்தான் வந்தது. 1973-க்குப் பிறகு நாற்பது வருடங்களுக்கு மேல் பெரிய புது மருந்து எதுவும் நிலைக்கவில்லை. 2017-லிருந்து நிலை மாறியது. நோயாளிகளில் சுமார் மூன்றில் ஒருவருக்கு எஃப்.எல்.டி.3 என்ற மரபணுவில் கோளாறு இருக்கும். அதைக் குறிவைக்கும் மிடோஸ்டாரின் 2017-லும், கில்டெரிடினிப் 2018-லும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. ஐ.டி.எச். என்ற மரபணுக் கோளாறுக்கு இரண்டு மாத்திரைகள் வந்தன. 2024-ல் ரெவுமெனிப் என்ற, வேறொரு வழியில் வேலை செய்யும் மருந்தும் சேர்ந்தது.

முதியவர்களுக்கு மிகவும் உதவியது வெனெட்டோகிளாக்ஸ். ‘ஏழும் மூன்றும்’ தாங்க முடியாத வயதானவர்களுக்கு முன்பு மெதுவான மருந்துகளைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். இப்போது மாதந்தோறும் சில நாட்கள் அசாசிடிடின் ஊசியும், வெனெட்டோகிளாக்ஸ் மாத்திரையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். 2020-ல் வெளியான ஆய்வில், ஊசி மட்டும் பெற்றவர்களில் பாதிப்பேர் 9.6 மாதங்களைத் தாண்டினார்கள். இரண்டும் பெற்றவர்களில் பாதிப்பேர் 14.7 மாதங்களைத் தாண்டினார்கள். ஐந்து மாதம்தானே என்று தோன்றலாம். மகள் வீட்டுத் திருமணத்தைக் கண்ணால் பார்க்கக் காத்திருக்கும் ஒரு தகப்பனாரிடம் அதைச் சொல்ல முடியுமா?

இந்த மாத்திரை எடுப்பவர்கள் கிரேப் ஃப்ரூட், நட்சத்திரப் பழம் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். அவை இரத்தத்தில் மருந்தின் அளவை ஏற்றிவிடும். சில பூஞ்சைக் கொல்லி மருந்துகளும் அப்படியே செய்கின்றன. அவற்றைச் சேர்த்துக் கொடுக்கும்போது மருத்துவர் மாத்திரையின் அளவை வெகுவாகக் குறைப்பார். ‘மருந்தைக் குறைத்துவிட்டார்கள்’ என்று பயந்து நீங்களாகக் கூட்டிவிடாதீர்கள்.

நம் நாட்டின் கணக்கு

வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் 2015-ல் வெளியிட்ட இன்னோர் ஆய்வு உண்டு. ஏ.பி.எல். அல்லாத 380 புதிய ஏ.எம்.எல். நோயாளிகளை அவர்கள் கணக்கெடுத்தார்கள். நோயாளிகளின் நடு வயது 40. மேலை நாடுகளில் இது 70-ஐ ஒட்டிய முதியவர்களின் நோய்; இங்கே வருபவர்களோ சம்பாதிக்கும் வயதில் இருக்கிறார்கள். வீட்டுக்கும் மருத்துவமனைக்கும் இடையே நடுத்தர தூரம் 580 கிலோமீட்டர். 380 பேரில் முழுச் சிகிச்சைக்காக அனுமதிக்கப்பட்டவர்கள் 109 பேர் மட்டுமே. மற்றவர்களில் பெரும்பாலோர் திரும்பியது பணமின்மையாலும் குடும்பச் சூழ்நிலையாலும்தான் என்று மருத்துவர்களே எழுதியிருக்கிறார்கள். சிகிச்சை தொடங்கிய 109 பேரில் 27 பேர் முதல் சுற்றிலேயே இறந்தார்கள். இறந்தவர்களில் 12 பேரைக் கொன்றது எந்த ஆன்டிபயாட்டிக்குக்கும் எளிதில் அடங்காத பாக்டீரியா. ஆனாலும் சிகிச்சை பெற்ற 15 முதல் 60 வயதுக்காரர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் ஒரு வருடம் கழித்து உயிரோடு இருந்தார்கள்.

ஹாஜியார் கேட்ட கேள்விக்கு என் பதில் இந்த எண்களில் இருக்கிறது. பிழைக்காத நோய் என்று நாம் சொல்வது, சிகிச்சையே தொடங்காதவர்களையும் சேர்த்து எண்ணித்தான். எல்லோரும் பிழைப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. பணமில்லாததால் மட்டும் ஒருவர் வீடு திரும்புவதைத் தடுப்பது நம் கையில் இருக்கிறது.

பணம், ஜகாத், காப்பீடு

ஆண்டு வருமானம் ரூ.1,20,000-க்கு மிகாத குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் வருடத்துக்கு ரூ.5 லட்சம் வரை கிடைக்கும். ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்றிதழ் தேவை. அட்டை இல்லாதவர்கள் நலமாக இருக்கும்போதே எடுத்து வையுங்கள். இந்த நோய் சான்றிதழுக்காகக் காத்திருக்காது. ஆனால் காப்பீடு எல்லாவற்றையும் தாங்கும் என்று எண்ண வேண்டாம். எந்த மருந்து சேரும், எந்த மரபணுப் பரிசோதனை சேராது என்பதை மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முதல் நாளே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாடகை அறை, சாப்பாடு, கூட இருப்பவர் இழக்கும் கூலி ஆகியவை எந்தத் திட்டத்திலும் இல்லை. நடைமுறையில் குடும்பங்கள் உடைவது இந்தச் சில்லறைச் செலவில்தான். ரயிலில் புற்றுநோயாளிக்கும் உடன் செல்பவருக்கும் கட்டணச் சலுகை உண்டு. மருத்துவமனையில் படிவம் கேளுங்கள்.

ஜகாத் பணத்தைச் சிகிச்சைக்குக் கொடுக்கலாமா என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். நோயாளி ஏழையாகவோ கடனாளியாகவோ இருந்தால் அவர் ஜகாத் பெறத் தகுதியுடையவர்தான். தொகை அவருக்கோ அவர் பொறுப்பு ஒப்படைத்தவருக்கோ உரிமையாகப் போய்ச் சேர வேண்டும் என்பதைக் கவனித்துக்கொள்கிறோம். சொந்த வீடு இருப்பதால் கேட்கக் கூச்சப்படுபவர்கள், மஸ்அலாவை நம் இமாம் அவர்களிடம் தனியாகக் கேட்டுக்கொள்ளலாம். பிற சமயச் சகோதரர்களுக்கான உதவி ஸதகா நிதியிலிருந்து போகிறது. அதற்கும் பற்றாக்குறை இருக்கிறது.

குணமாக்க முடியாது என்று மருத்துவர் சொல்லிவிட்டால் உதவி நின்றுவிடும் என்று யாரும் நினைக்க வேண்டாம். இரத்தம் ஏற்றுவதும் வலி தணிப்பதும் வீட்டுப் பராமரிப்பும் சிகிச்சைதான். கடைசி நாட்களில் நிலத்தை விற்று இன்னொரு மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்வதா என்று தடுமாறும் குடும்பம், ‘குணமாகும் வாய்ப்பு எவ்வளவு’ என்று மருத்துவரிடம் நேராகக் கேட்பது ஈமானுக்குக் குறைவல்ல.

கீமோ நாட்களில் வீட்டார் செய்ய வேண்டியது

நோய் நலம் விசாரிக்கப் போவது ஸுன்னத். ஆனால் வெள்ளையணு இல்லாத நோயாளியின் அறைக்குள் பத்துப் பேர் நுழைவது அவருக்குத் தீங்கு. வாசலில் நின்று ஸலாம் சொல்லுங்கள், போனில் பேசுங்கள், வீட்டாருக்குச் சாப்பாடு அனுப்புங்கள். நோயாளி ஜும்ஆவுக்கு வர வேண்டியதில்லை. மார்க்கமே அவருக்குச் சலுகை தந்திருக்கிறது.

பிளேட்லெட் குறைந்திருக்கும்போது ஹிஜாமா வைக்கவே கூடாது. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனெனில் நல்லெண்ணத்தோடு சிபாரிசு செய்பவர்கள் நம்மிடையே அதிகம். கீறிய இடத்தில் இரத்தம் நிற்காது. அதன் வழியே கிருமியும் ஏறும். மிஸ்வாக் ஈறைக் குத்தி இரத்தம் வரவைக்கும்; அந்த வாரங்களில் மென்மையான பிரஷ் போதும். காய்ச்சல், வலி என்று ஆஸ்பிரின், ப்ரூஃபன் கொடுக்காதீர்கள். தேன், கருஞ்சீரகம், ஸம்ஸம் என எதைக் கொடுப்பதானாலும் முதலில் மருத்துவரிடம் கேளுங்கள். சுத்திகரிக்காத பச்சைப் பொருட்கள் அந்த நாட்களில் ஒத்துக்கொள்ளாது. கையிலோ மார்பிலோ மருந்துக் குழாய் பொருத்தியிருந்தால் அந்தக் கட்டு நனையக் கூடாது. உளூவுக்கு என்ன செய்வது என்று தவிக்க வேண்டாம்; கட்டின் மேல் மஸ்ஹு, இயலாதபோது தயம்மும் என்று ஃபிக்ஹில் வழி இருக்கிறது. வெப்பமானி 100.4 டிகிரி காட்டினால், நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குப் புறப்படுங்கள். காலை வரை பார்ப்போம் என்பது இந்த நோயில் ஆகாது.

மஜ்ஜையும் இரத்தமும்

கடினமான வகைகளில் நிரந்தரக் குணத்துக்கு அதிக வாய்ப்புத் தருவது மஜ்ஜை மாற்றுதான். இந்தச் சிகிச்சையை வளர்த்த டொனால் தாமஸுக்கு 1990-ல் நோபல் பரிசு கிடைத்தது. வேலூரில் 1986-லேயே தொடங்கிவிட்டார்கள். உடன்பிறந்தவர் ஒருவர் முழுமையாகப் பொருந்துவதற்கு நாலில் ஒரு வாய்ப்பு. பொருந்தாவிட்டால் முன்பு கையை விரிப்பார்கள். இப்போது பாதி மட்டும் பொருந்தும் தாய், தந்தை, பிள்ளையிடமிருந்தும் எடுக்கும் முறை வந்துவிட்டது. உறவில் ஆள் இல்லாதவர்களுக்காக, முன்வந்து பெயர் பதிந்த கொடையாளர்களின் பட்டியல்களும் உண்டு. சென்னையில் 2009-ல் தொடங்கப்பட்ட ‘தாத்ரி’ அவற்றில் ஒன்று. பதிவு செய்ய, கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் தடவி எடுக்கிறார்கள். கொடுக்க வேண்டி வந்தால், சில நாட்கள் ஊசி போட்டபின் கையிலிருந்தே அணுக்களைப் பிரித்தெடுக்கிறார்கள். இரத்தம் போலவே அது திரும்ப ஊறிவிடும்.

இதில் பலருக்குத் தெரியாத செய்தி ஒன்று. வீட்டில் ஒருவருக்கு இந்த நோய் என்றதும் அண்ணன் தம்பிகள்தான் முதலில் இரத்தம் கொடுக்க ஓடுவார்கள். மஜ்ஜை மாற்று நடக்கக்கூடும் என்றால், அவர்களின் இரத்தத்தை நோயாளிக்கு ஏற்றாமலிருப்பதே நல்லது. நோயாளியின் உடல் அந்த இரத்தத்துக்கு எதிராகத் தயாராகிவிட்டால், பிறகு அதே சகோதரரின் மஜ்ஜையை ஏற்காமல் தள்ளிவிடலாம். ஆக, உறவினர் அல்லாதவர்கள்தான் இங்கே வேண்டும். மஹல்லாவின் வாலிபர்களைத்தான் சொல்கிறேன்.

ஒரு சுற்று கீமோவில் பலமுறை பிளேட்லெட் ஏற்ற வேண்டி வரும். பிளேட்லெட்டை 5 நாளுக்கு மேல் சேமிக்க முடியாது. ஆகவே முன்கூட்டி எடுத்து வைக்கவும் வழியில்லை. இயந்திரத்தில் பிளேட்லெட்டை மட்டும் பிரித்தெடுத்து, மீதி இரத்தத்தைக் கொடையாளருக்கே திருப்பி ஏற்றிவிடுவார்கள். ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் ஆகும். முழு இரத்தம் கொடுத்த ஆண் அடுத்த முறை கொடுக்க 90 நாள் காத்திருக்க வேண்டும். பிளேட்லெட் சில நாட்களிலேயே மீண்டுவிடுவதால் அதற்கு அவ்வளவு இடைவெளி தேவையில்லை.

ரமலானில்தான் சிரமம் அதிகம். இரத்தம் கொடுத்தால் நோன்பு முறியுமா என்ற மஸ்அலாவுக்குப் போகும் முன்பே, வெறும் வயிற்றோடு வருபவரிடம் இரத்த வங்கியில் எடுப்பதில்லை. எனவே பகலில் நம்மவர் யாரும் கொடுக்க இயலாது. இஃப்தாருக்குப் பிறகு நன்றாகச் சாப்பிட்டுத் தண்ணீர் குடித்து, தராவீஹ் முடித்துப் போகலாம். இரவு எந்த நேரம் வரை எடுப்பார்கள் என்று இரத்த வங்கியிடம் முன்பே கேட்டு வைத்துக்கொண்டு, ஒரு நாளைக்கு இரண்டு பேர் வீதம் முப்பது நாட்களுக்கும் பட்டியல் போட எண்ணியிருக்கிறோம். பெருநாளைக்கு முந்தைய இரவும் பெருநாளும் ஆள் கிடைக்காத நாட்கள். அவற்றுக்கு இப்போதே நான்கு பேர் தேவை.

18 வயது நிரம்பிய, 50 கிலோவுக்குக் குறையாத எடையுள்ள, நிரந்தர நோயும் புகைப்பழக்கமும் இல்லாத சகோதரர்கள், இந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் அறக்கட்டளை அலுவலகத்தில் பெயர், இரத்த வகை, கைப்பேசி எண் எழுதித் தரவும். கடைசியாக இரத்தம் கொடுத்த தேதியையும், இரவில் அழைத்தால் வர இயலுமா என்பதையும் குறிப்பிடவும். கடந்த மூன்று நாட்களில் ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரை எடுத்தவர்கள் அதைச் சொல்லிவிட வேண்டும். அவர்களின் பிளேட்லெட் அப்போது பயன்படாது. ஓ மற்றும் பி பாசிட்டிவ் உள்ளவர்கள் ஏற்கனவே சிலர் பதிந்திருக்கிறார்கள். ஏ பாசிட்டிவும் நெகட்டிவ் வகைகளும் அவசரமாகத் தேவைப்படுகின்றன.